சின்னம்மாவின் குரல் பறந்த வருஷம்

முள்கம்பிக்கு உள்ளே வளர்ந்தவர்கள் நாம். கடைக்காரர் பால் டின்னில் ஓட்டை போட்டுத்தான் கொடுப்பார், காட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்துவைக்கக் கூடாது என்று. அந்த ஓட்டைமேல் விரலை வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடியவர்கள் உங்களிலும் இருப்பீர்கள். என் பேரப்பிள்ளைகளிடம் சொன்னால் நாங்கள் என்ன குற்றம் செய்தோம் என்று கேட்கிறார்கள். உங்களுக்கு அதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை. அதனால் இதை உங்களிடம் சொல்கிறேன்.

எங்கள் ரப்பர்த் தோட்டம் மலாயாவில் லாபு பக்கம். வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கியோடு காட்டுக்குள் போனவர்களை அடக்க அவசரகாலம் போட்டுச் சில வருஷம் ஆகியிருந்தது. மூலைக்கு ஒன்றாகக் கிடந்த லயத்து வீடுகளையெல்லாம் பிரித்து, ரப்பர்ப் பால் நிறுக்கும் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரே இடமாகக் கட்டி, சுற்றிலும் கம்பி போட்டிருந்தார்கள். விடிந்ததும் கேட்டைத் திறப்பார்கள். ரப்பர்ப் பாலுக்கு மரம் வெட்டப் போகிற பெண்களின் முந்தானையை உதறிப் பார்த்துத்தான் வெளியே விடுவார்கள். ஒரு பிடி அரிசி அகப்பட்டாலும் அது காட்டில் இருப்பவர்களுக்குத்தான் என்று முடிவு. அவர்களை நாங்கள் எந்தப் பெயராலும் சொல்ல மாட்டோம். ‘உள்ள இருக்கறவங்க’ என்போம், அதுவும் கதவைப் பார்த்துக்கொண்டு.

என் சித்தப்பா உள்ளே இருந்தார்.

அவர் என் அம்மாவின் தங்கை புருஷன். சங்கம், கூட்டம் என்று அலைந்தவர். போலீஸ் தன்னைத் தேடுகிறது என்று தெரிந்த அன்று, மரம் வெட்டப் போனவர் திரும்பி வரவில்லை. அவருடைய வாளி ஒரு மரத்தடியில் கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததாம். அதன்பிறகு சின்னம்மா எங்கள் வீட்டிலேயே இருந்தாள். அவளுக்குப் பிள்ளை இல்லை. ஆயாக் கொட்டகையில், வேலைக்குப் போகும் தாய்மார்கள் விட்டுப்போகும் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. வரிசையாகத் தொங்கும் துணித்தொட்டில்களில் ஒன்றைக் காலாலும் இரண்டைக் கையாலும் ஆட்டிக்கொண்டு ஏதாவது பேசிக்கொண்டே இருப்பாள். பாட்டு என்று சொல்ல முடியாது. ‘வா கண்ணு, வந்து படு கண்ணு, காக்கா போயிருச்சு, மழ போயிருச்சு’ என்று பேச்சையே இழுத்து இழுத்துச் சொல்வாள். பால் கொட்டகையில் நின்றாலும் ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்கும். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரல்தான் சின்னத் துரையின் காதில் விழுந்தது.

முன்பு இருந்த சின்னத் துரையைக் கோலா சாவா ரோட்டில் வழிமறித்துச் சுட்டுவிட்டார்கள். அவர் இடத்துக்கு உதவி மேனேஜராக வந்த வெள்ளைக்காரர் இவர். மீசைகூடச் சரியாக வளராத முகம். வெயிலில் கழுத்து எப்போதும் சிவந்திருக்கும். தமிழ்ப் பரீட்சையில் தேறினால்தான் வேலை நிரந்தரம் என்று அவருக்குக் கட்டளை. தோட்டத்துக் கணக்கெழுதும் பெரிய கிராணிதான் முதலில் சொல்லிக்கொடுத்தார். கிராணி யாழ்ப்பாணத்துக்காரர். துரை அவரிடம் படித்த தமிழைக் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் பேசியபோது, ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்களாம்.

ஒரு சாயங்காலம் கிராணி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டார். அப்பா அவசரமாகச் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

“நான் கதைக்கிறது லயத்து ஆக்களுக்கு விளங்கேல்லை எண்டு துரை சொல்லுறார்” என்றார் கிராணி. “அவரிட்டை ஒரு மெசின் இருக்கு. நாங்கள் கதைச்சா அதைப் பிடிச்சு வைச்சுத் திருப்பிக் கதைக்கும். உம்மட மச்சாள் வந்து கொஞ்சம் கதைச்சுத் தரட்டும். துரை அதைக் கேட்டுக் கேட்டுப் பழகுவார்.”

“பொம்பளய பங்களாவுக்கு எப்புடிங்க அனுப்புறது?” என்றார் அப்பா.

“நானும் இருப்பன். பிள்ளையையும் கூட அனுப்பும்” என்று என்னைக் காட்டினார்.

அவர் போனபிறகு அம்மா வேண்டாம் என்றாள். அப்பா ரொம்ப நேரம் யோசித்தார். “இவ புருஷன் உள்ள இருக்கான்னு எல்லாத்துக்கும் தெரியும். எப்ப வேணாலும் லோரியில ஏத்திட்டுப் போயிருவாங்க. தொர நம்மகிட்ட நல்லா இருந்தா அதுவே ஒரு பாதுகாப்புதான லா” என்றார். அந்த வீட்டில் அன்று இருந்தவர்களில் அப்பாதான் நாலும் யோசித்துப் பேசுபவர். அதனால் எல்லோரும் ஒத்துக்கொண்டோம்.

பங்களா முன்கூடத்தில் மார்பு உயரத்துக்கு மணல்மூட்டை அடுக்கியிருந்தது. அதைத் தாண்டி உள்ளே போனால் தரைக்குப் பூசிய மெழுகின் வாசனை. மேசைமேல் ஒரு சாம்பல்நிறப் பெட்டி, அதன் தலையில் இரண்டு சக்கரம். ஒன்றிலிருந்து மற்றதுக்குப் பழுப்புநிற நாடா ஓடும். முன்பக்கம் பூனைக்கண் மாதிரி ஒரு பச்சை வெளிச்சம், நாம் பேசினால் சுருங்கும், நிறுத்தினால் விரியும். கொஞ்ச நேரம் ஓடியதும் சூடான தூசி வாசம் வரும். பெட்டிக்குப் பக்கத்தில் துரை தன் துப்பாக்கியை வைத்திருப்பார், நாம் கண்ணாடியைக் கழற்றி வைப்பதுபோல.

சின்னம்மா நாற்காலியில் உட்காரவில்லை. நான் உட்கார்ந்தேன். முதல் பாடம் எனக்கும் அவளுக்குமான பேச்சு. ‘எங்க போற?’ என்று அவள் கேட்பாள். ‘பள்ளிக்கூடம் போறேன்’ என்று நான் சொல்வேன். ‘மழ வருமா?’ ‘வரும்.’ துரை நாடாவைத் திருப்பி ஓடவிட்டார். எங்கள் குரல் பெட்டிக்குள்ளிருந்து வந்தது. எனக்குச் சிரிப்பு அடக்க முடியவில்லை. சின்னம்மா சிரிக்கவில்லை. தன் குரலைத் தானே கேட்டபோது தாலிக்கயிற்றை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டாள்.

“நா இப்புடியா பேசுறேன்?” என்று என்னிடம் மெல்லக் கேட்டாள்.

துரை எங்களுக்குப் பின்னால் சொல்லிச் சொல்லிப் பார்த்தார். அவருக்கு எல்லா வாக்கியமும் ‘போச்சு’ என்றுதான் முடியும். மழை வந்து போச்சு. கிராணி வந்து போச்சு. நான் சாப்பிட்டுப் போச்சு. முதலில் பேசாமல் நின்றிருந்த சின்னம்மா, இரண்டாம் வாரத்தில் தைரியமாகத் திருத்தத் தொடங்கினாள்.

“கிராணி வந்து போச்சு இல்ல தொர. கிராணி வந்துட்டுப் போயிட்டாரு.”

“கிராணி வந்துட்டு போயிட்டாரு.”

“ஆங், அதான்.”

துரை நல்ல மாணவர் என்றுதான் சொல்ல வேண்டும். நாங்கள் போனபிறகும் பெட்டியை ஓடவிட்டுக்கொண்டே இருப்பார் என்று சமையல்காரர் சொன்னார். அதன் விளைவு பெரட்டில் தெரிந்தது. வேலை வாங்கும் வயசான மண்டோரைப் பார்த்து, “வா கண்ணு” என்றாராம். இழுப்பு, ஏற்றம் இறக்கம் எல்லாம் அப்படியே சின்னம்மாதான். ஆண்கள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருக்கிறார்கள். துரைக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த ஒரு மாதம் எங்கள் வீட்டிலும் சிரிப்பு இருந்தது. தீர்ந்துபோன நாடாவின் வெறும் சக்கரம் ஒன்றைத் துரை எனக்குக் கொடுத்தார். அதைக் கம்பியில் கோத்து வாசலெல்லாம் உருட்டினேன். பின்னாளில் வீடு மாறியபோது எங்கேயோ தொலைந்துவிட்டது.

மழைக்காலம் தொடங்கிய சமயம், கூடத்து மூலையில் இன்னொருவர் உட்கார்ந்திருந்தார். பச்சை உடுப்பு, வெள்ளைக்கார அதிகாரி. எங்களைப் பார்த்துத் தலையாட்டினார். அன்று பாடம் எப்போதும்போல்தான். ஆனால் துரைக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. அடுத்த முறை அதிகாரி கிராணியிடம் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னார். கிராணி அதைத் தமிழில் சொல்ல, சின்னம்மா தன் தமிழில் பெட்டியிடம் சொன்னாள்.

‘அரிசி யாரு குடுத்தா?’

‘எந்தப் பக்கம் போனாங்க?’

‘எத்தன பேரு?’

என் பங்குக்கு ஒன்றும் இல்லை. நான் பச்சைக் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னம்மாவின் குரல் தாழ்ந்துகொண்டே போக, அது விரிந்துகொண்டே வந்தது.

பிறகு ஒரு நாள் கிராணி தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “இண்டைக்குக் குடும்பப் பாடம். புருஷன் வெளியூரிலை இருக்கிறார், மனிசி கூப்பிடுறா. அப்பிடி வைச்சுக்கொள்ளும்.”

சின்னம்மா அவரையே பார்த்தாள்.

“இது பாடம்தான் பிள்ளை” என்றார் கிராணி. அவர் கண் தரையில் இருந்தது.

‘வீட்டுக்கு வந்துருங்க’ என்று சொல்லச் சொன்னார்கள். சொன்னாள். ‘நான் இருக்கேன், பயப்படாதீங்க.’ அதையும் சொன்னாள். துரை வழக்கம்போலத் திருப்பிச் சொல்லிப் பழகவில்லை. சக்கரம் சுற்றுவதையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி மறுபடி ஏதோ சொன்னார். புருஷனைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றார் கிராணி.

“பேரு சொல்ல மாட்டேங்க” என்றாள் சின்னம்மா.

நமக்கெல்லாம் தெரியும், அந்தக் காலத்தில் எந்தப் பெண்ணும் சொல்ல மாட்டாள். ரேஷன் எழுத வருபவர் புருஷன் பெயர் கேட்டால்கூடப் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைத் தொட்டு அதைச் சொல்லவைப்பாள். சின்னம்மா என் தோளைத் தொட்டாள். அதிகாரி என்னைப் பார்த்துக் கூடாது என்று கையசைத்தார்.

“மெசினுக்குத்தானே சொல்லுறீர். மனுசருக்குச் சொல்லுறமாதிரி இல்லை” என்றார் கிராணி. “சொல்லிப்போட்டுப் போங்கோ. உம்மட மச்சான் குடும்பத்துக்கும் நல்லது.”

கடைசியாகச் சொன்னதில் என்ன இருந்தது என்று சின்னம்மாவுக்குப் புரிந்திருக்கும். எங்கள் வீட்டைச் சொன்னார். அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு தடவை சொன்னாள். அந்தப் பெயரை நானும் இங்கே எழுதவில்லை.

இறங்கி வரும்போது என் கையை இறுக்கிப் பிடித்திருந்தாள். “தொரைக்குத் தமிழ் வந்துருச்சு. இனிமே நாம போக வேணாம்” என்றாள். அதேபோல அவர்களும் எங்களைக் கூப்பிடவில்லை.

ஒரு வாரம் கழிந்திருக்கும். சாயங்காலம், மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. நான் ஆயாக் கொட்டகையில் சின்னம்மாவோடு இருந்தேன். தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிப்போக வந்துகொண்டிருந்தார்கள். மலைப்பக்கம் ஓர் ஏரோப்பிளேன் மெதுவாக, மிகத் தாழ்வாக வட்டமடித்தது. சரணடையச் சொல்லி நோட்டீஸ் போடுகிறார்கள் என்று நினைத்தோம். அப்போது வானம் பேசியது.

முதலில் சித்தப்பாவின் பெயர். பிறகு, ‘வீட்டுக்கு வந்துருங்க. நான் இருக்கேன், பயப்படாதீங்க.’

காற்று அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் காட்டுமேல் போட்டது. திரும்பி எங்கள் பக்கம் வந்தபோது இன்னும் பெரிதாகக் கேட்டது. பின்னால் ஓர் ஆண்குரலும் வந்தது. எந்த ரோட்டுக்கு வர வேண்டும், எந்தப் போலீஸ் ஸ்டேஷன், கையை எப்படித் தூக்க வேண்டும் என்றெல்லாம் புத்தகத் தமிழில் சொல்லியிருப்பார்கள்போல. அது எஞ்சின் சத்தத்தில் மாவாகிவிட்டது. ஒரு சொல் காதில் நிற்கவில்லை. சின்னம்மாவின் குரல் மட்டும் கொட்டகையில் கேட்பதுபோலத் துல்லியமாகக் கேட்டது.

பெண்கள் வானத்தைப் பார்த்தார்கள். பிறகு அவளைப் பார்த்தார்கள். தொட்டிலில் இருந்த ஒரு குழந்தை அவள் குரல் கேட்டுக் கையைத் தூக்கிச் சிரித்தது. சின்னம்மா தொட்டிலை ஆட்டிக்கொண்டே இருந்தாள், குழந்தையைத் தாய் எடுத்துக்கொண்டு போனபிறகும்.

அடுத்தடுத்த நாள்களிலும் அதே நேரத்துக்கு ஏரோப்பிளேன் வந்தது. குழாயடியில் அவள் குடத்தை வைத்தால் மற்றவர்கள் தங்கள் குடத்தை நகர்த்திக்கொண்டார்கள். ‘புருஷன் பேர ஆகாசத்துல கூவுனவ’ என்றாள் ஒருத்தி, அவள் காதுபடவே. அப்பா கிராணியைப் பார்க்கப் போனார். கிராணி காய்ச்சல் என்று சொல்லிக் கதவைத் திறக்கவில்லை.

பயம் வேறு பக்கத்திலிருந்தும் வந்தது. மரம் வெட்டப்போன பக்கத்து வீட்டு அண்ணன் ஒரு நாள் பாதி மரம் வெட்டியதோடு திரும்பிவிட்டார். அப்பாவைத் தனியே கூப்பிட்டுப் பேசினார். எனக்குக் கதவுக்குப் பின்னால் கேட்டது.

“பொதருக்குள்ளேர்ந்து ரெண்டு பேரு வந்தாங்க. வேற ஒண்ணும் கேக்கல. அந்தக் கொரலு எந்த வூடுன்னு மட்டும் கேட்டாங்க.”

“நீ என்னா சொன்ன?”

“தெரியாதுன்னேன். நம்புனாங்களான்னு தெரியல.”

அன்றிலிருந்து அம்மா கதவுக்குக் குறுக்கே உரலை உருட்டி வைத்தாள். சின்னம்மாவை எங்கள் எல்லோருக்கும் நடுவில் படுக்கவைத்தாள். எந்தப் பக்கத்திலிருந்து என்ன வரும் என்று வீட்டில் ஒருவருக்கும் தெரியவில்லை. வந்தது நாங்கள் யாருமே எதிர்பார்க்காதது.

விடிந்தும் விடியாத நேரம். கேட் திறக்கக் காத்துக்கொண்டு பெண்கள் வாளியோடு நின்றார்கள். ஆற்றுப்பக்கத்துக் கம்பிக்கு அப்பால், ஆயாக் கொட்டகைக்கு நேராக, லாலான் புல்லிலிருந்து ஒருவர் எழுந்து நின்றார். குழாயடியில் இருந்தவர்கள் பார்த்தார்கள். ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “சுடாதீங்க, நான் வீட்டுக்கு வந்திருக்கேன்” என்று சொன்னாராம். காவலுக்கு நின்றவன் சின்னப் பையன், மலாய்க்காரன். தமிழ் தெரியாது. அவனும் இரவெல்லாம் பயந்துகொண்டு நின்றவன்தான். அவன் மலாயில் ஏதோ கத்தினான். இவர் மறுபடியும் ‘வீட்டுக்கு’ என்றார். அதற்குள் வெடித்துவிட்டது.

அவரை ஸ்டேஷனுக்கு வா என்று அழைத்தது வானத்தில் கரைந்துபோன அந்த ஆண்குரல். அவருக்குக் கேட்டது வேறு குரல். அது வீட்டுக்கு வரச் சொன்னது. அவர் வீட்டுக்கு வந்தார்.

யாரையும் கம்பிப் பக்கம் விடவில்லை. அவர் உடனே சாகவில்லை என்று பிறகு சொன்னார்கள். அதிகாரி வரும்வரை, தண்ணீர் கொடுக்கக்கூட ஆளில்லாமல் வெயிலில் கிடந்திருக்கிறார். சின்னம்மாவை அப்பாவும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து வீட்டுக்குள் பிடித்து வைத்திருந்தார்கள். அவள் அழவில்லை. “அது அவரில்ல, அவருக்கு இவ்ளோ வெவரம் இல்லாம இருக்காது” என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

நடுப்பகலில் சின்னத் துரை லயத்துக்கு வந்தார். துரைமார் லயத்துக்குள் நடந்து வருவதை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். தொப்பியைக் கையில் வைத்திருந்தார். வாசலில் நின்றவரை உள்ளே வா என்று யாரும் சொல்லவில்லை. சின்னம்மா எழுந்து வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்திருப்பார்போல. உதடு அசைந்துகொண்டிருந்தது.

“உங்க புருஷன்” என்றார். அவள் இழுக்கும் அதே இழுப்பு. “உங்க புருஷன் செத்துப் போச்சு.”



சின்னம்மா அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. பங்களாவில் பெட்டிக்கு முன்னால் நிற்கும்போது எப்படிப் பார்ப்பாளோ அப்படி.

“போச்சு இல்ல தொர” என்றாள். “மாடுதான் செத்துப்போகும். மனுசன் எறந்துட்டாரு.”

“எறந்துட்டாரு” என்றார் துரை.

“ஆங்” என்றாள். அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

உடலைக் கொடுக்கவில்லை. எங்கே புதைத்தார்கள் என்று சொல்லவுமில்லை. அப்பா அதன்பிறகு யோசித்துப் பேசுவதை விட்டுவிட்டார். எதைக் கேட்டாலும் ‘ஒங்க இஷ்டம்’ என்பார், சாகும்வரை.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் அவர்களுக்குக் குரல் இன்னும் தேவைப்பட்டது. முப்பதாம் நாள் கடந்திருக்கும், சின்னம்மாவுக்கு வெள்ளைச் சேலை கட்டுவதா வேண்டாமா என்று பெரியவர்கள் இன்னும் பேசிக்கொண்டிருந்த நேரம். கிராணி வந்து, வேறு ஒருவரை அழைக்க வேண்டும், அவர் பக்கத்துத் தோட்டத்து ஆள், அவருக்கு மனைவி இல்லை, யாராவது ஒரு பெண் கூப்பிட்டால் போதும் என்றார். சொல்லும்போது அழுதுவிட்டார். அம்மா விளக்குமாற்றை எடுத்துவிட்டாள்.

“நா வர்றேன்” என்றாள் சின்னம்மா.

“ஒனக்குப் பைத்தியமாடி?” என்றாள் அம்மா.

“நா போவலன்னா வேற யாரயாச்சும் கூட்டிட்டுப் போவாங்க. அவ பழய மாதிரியே சொல்லுவா.”

நானும் கூடப் போனேன். யாரும் என்னைப் போகச் சொல்லவில்லை, தடுக்கவுமில்லை. மணல்மூட்டை, மெழுகு வாசனை, பெட்டி எல்லாம் அப்படியே இருந்தன. துப்பாக்கி மட்டும் மேசையில் இல்லை. துரை சின்னம்மாவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். இந்த முறை அவள் உட்கார்ந்தாள். கிராணி சொல்லத் தொடங்கியபோது கையைக் காட்டி நிறுத்தினாள்.

“நீங்க சொல்ற மாதிரி சொல்ல மாட்டேன். நா சொல்றத எடுங்க. இல்லன்னா நா போறேன்.”

அதிகாரிக்கு அதைத் தமிழிலிருந்து மாற்றிச் சொன்னவர் துரை. என்ன சொன்னார் என்று தெரியாது, நீளமாகச் சொன்னார். அதிகாரி ஒத்துக்கொண்டார். சக்கரம் சுற்றத் தொடங்கியது.

“வீட்டுக்கு வராதீங்க” என்று சின்னம்மா பெட்டியிடம் சொன்னாள். குழந்தைகளுக்குச் சொல்வதுபோல ஒவ்வொரு சொல்லாக. “இருட்டுல வராதீங்க. கம்பி கிட்ட வராதீங்க. நல்லா வெளிச்சம் வந்ததும் பெரிய ரோட்டுக்கு வாங்க. நடு ரோட்டுல நடங்க. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு நடங்க. யாரு என்னா கேட்டாலும் நில்லுங்க, பேசாதீங்க. ஸ்டேசனுக்குப் போங்க. வீட்டுக்கு வராதீங்க.”

துரை நாடாவை நிறுத்தினார். இன்னொரு தடவை எடுக்கலாமா என்று கேட்கவில்லை.

அந்தக் குரலும் பறந்தது. ‘வராதீங்க, வராதீங்க’ என்று மலைமேல் அது சுற்றியபோது லயத்தில் ஒருவரும் வெளியே நிற்கவில்லை. ஆனால் எல்லா வீட்டுக் கதவும் திறந்திருந்தது, கேட்பதற்கு. அடுத்த காலையில் குழாயடியில் ஒருத்தி சின்னம்மாவின் குடத்தைத் தான் பிடித்து நிரப்பிக் கொடுத்தாள்.  துரை பரீட்சையில் தேறினார் என்றும், வேறு தோட்டத்துக்கு மாற்றலாகிப் போனார் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டோம். அவசரகாலம் முடிந்தபின் சின்னம்மா லுக்குட்டில் ஒரு துணிக்கடைக்காரர் வீட்டில் பிள்ளை வளர்க்கப் போனாள். நன்றாகவே வாழ்ந்தாள், நிறையப் பேசினாள். சித்தப்பா பெயரை மட்டும் மறுபடி நான் அவள் வாயால் கேட்கவில்லை.

அந்த இரண்டாவது குரல் பறந்து எத்தனை நாள் ஆகியிருந்தது என்று எனக்கு நினைவில்லை. ஒரு மத்தியானம் லோரிக்காரர் ரந்தாவிலிருந்து சேதி கொண்டுவந்தார். பெரிய ரோட்டில், பட்டப்பகலில், ஒரு ஆள் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நடு ரோட்டில் நடந்து வந்தாராம். எலும்பும் தோலுமாக இருந்தாராம். பஸ்காரர் ஹார்ன் அடித்தும் விலகவில்லையாம். அப்படியே ஸ்டேஷன்வரை போய்ச் சேர்ந்தாராம்.

அப்பா வீட்டுக்கு வந்து அதைச் சின்னம்மாவிடம் சொன்னார். அவள் ஆயாக் கொட்டகைத் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். மடித்து முடித்தபிறகுதான் நிமிர்ந்தாள்.

“அவருக்கு யாராச்சும் தண்ணி குடுத்தாங்களாமா?” என்று கேட்டாள்.